அத்தியாயம் 5: பெட்டியில் போட்டிருப்பது ஆயிரம், கிடைப்பது எவ்வளவு?

போர்ட் கொச்சியில் வெளி என்று சொல்லப்படும் பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொச்சியைக் கையில் வைத்திருந்த காலத்தில் படையாட்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. துவைக்கும் தொட்டிகள், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணிமுனையைச் செருகிக் காயப்போடும் கொடிகள், கஞ்சி, அப்புறம் தேய்ப்புக் கூடம். நமக்கு இங்கே வேண்டியது அந்தக் கடைசிக் கூடம்.

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் நான்கையும் கற்றுக்கொள்ள இஸ்திரிப் பெட்டியை விட நல்ல சாமான் கிடையாது. உள்ளே மோட்டார் இல்லை, எலெக்ட்ரானிக் போர்டு இல்லை. மைக்கா தகட்டின் மேல் சுற்றிய நிக்ரோம் நாடா ஒன்று, சூடு மிஞ்சினால் அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் கணக்கு ஏறக்குறைய அப்படியே நடப்பது இதில்தான். மின்விசிறியிலும் பம்பிலும் நடக்காது. அது ஏன் என்று பின்னால் வருகிறது.

கூடத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது: "தம்பி, பெட்டியில ஆயிரம் வாட்னு போட்டிருக்கு. சாயங்காலமானா சூடே ஏற மாட்டேங்குதே?"

"அக்கா, அந்த ஆயிரம் 230 வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. இப்ப உங்க பிளக்ல எத்தனை வோல்ட் வருதுன்னு பார்ப்போம்."

இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பதிலின் விரிவுதான். பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் வாட் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மட்டும் பொருந்தும் எண். அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். மாறாமல் நிற்பது பெட்டியின் மின்தடை. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது தடையை. அது கையில் கிடைத்துவிட்டால் காலைக் கணக்கு, மாலைக் கணக்கு, வெளிநாட்டுக் கணக்கு எல்லாவற்றையும் தாளில் போட்டுவிடலாம்.

கீழே வரும் அளவுகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் கூடத்தில் உங்கள் மீட்டர் காட்டும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிக் கணக்கு

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

காலையில் பெட்டியை மாட்டி அளக்கிறோம். 230 வோல்ட், 4.35 ஆம்பியர். வகுத்தால் 52.9 ஓம். பெருக்கினால் 1000 வாட். பெட்டியில் போட்டிருப்பது சரி, ஏமாற்றவில்லை.

இந்த இரண்டு வரியையும் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டால் இன்னும் இரண்டு வரும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினாலும் வாட். நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் எதற்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டி எவ்வளவு சூடாகும் என்று கேட்டால் வோல்ட் வர்க்கத்தை எடுங்கள், ஏனென்றால் பெட்டிக்கு நாம் கொடுப்பது வோல்ட். வயரும் பிளக்கும் எவ்வளவு சூடாகும் என்று கேட்டால் ஆம்பியர் வர்க்கத்தை எடுங்கள், ஏனென்றால் அவற்றின் வழியாகப் போவது ஆம்பியர். இதை மாற்றி எடுப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். தடை குறைந்தால் சூடு கூடுமா, தடை கூடினால் சூடு கூடுமா என்று தொழில் தெரிந்தவர்களே மல்லுக்கட்டுவதுண்டு. பெட்டியில் தடை குறைந்தால் சூடு கூடும். ஒரே கரண்டு ஓடும் பாதையில் இருக்கும் பிளக்கில் தடை கூடினால்தான் சூடு கூடும். இரண்டும் உண்மை.

முதல் வரியைக் கண்டுபிடித்த கியோர்க் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 1827இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் பெயர் வந்தது. அதே 1841இல்தான் மான்செஸ்டர் பக்கத்தில் பீர் வடிக்கும் ஆலைக்காரர் மகன் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் ஆம்பியர் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அளந்து எழுதினார். நம் பெட்டியின் இரண்டு வரிகளும் இந்த இரண்டு பேருடையவை.

அளப்பது எப்படி

மல்டிமீட்டர் ஒன்று, கிளாம்ப் மீட்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்த கிளாம்ப் மீட்டரே இப்போது கிடைக்கிறது, அது போதும்.

வோல்ட் அளக்கும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பிளக் ஓட்டையில் அளந்தால் நல்ல எண்ணாகத்தான் காட்டும். சுமை ஏறியபின் அது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. பக்கத்து சாக்கெட்டில், அதே போர்டில், பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போது அளக்கவும்.

ஆம்பியரில்தான் எல்லோரும் தடுக்கி விழுவது. பெட்டியின் ஒயரைச் சுற்றி கிளாம்பைப் போட்டால் பூஜ்யம் காட்டும். மீட்டர் பழுதில்லை. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் ஒரே ஒயருக்குள் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பேஸ் கம்பியை மட்டும் தனியே பிடிக்க வேண்டும். இதற்கென்று ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முழ நீளம், ஒரு முனையில் மூன்று பின் பிளக், மறுமுனையில் சாக்கெட், நடுவில் வெளியுறையை மட்டும் ஒரு சாண் அளவுக்கு நீளவாக்கில் கீறி, பேஸ் கம்பியை வளையமாக வெளியே இழுத்துவிட வேண்டும். கம்பியின் சொந்த உறையில் கீறல் படக்கூடாது. கிளாம்பை அந்த வளையத்தில் மாட்டினால் சரியான ஆம்பியர் வரும். சின்னக் கரண்டாக இருந்தால் வளையத்தைக் கிளாம்புக்குள் ஐந்து சுற்று சுற்றி, காட்டும் எண்ணை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். செல்போன் சார்ஜர் இழுக்கும் கரண்டைக்கூட இப்படிப் பிடித்துவிடலாம்.

அளக்கும் நேரத்தில் தெர்மோஸ்டாட் அணைந்துவிட்டால் ஆம்பியர் பூஜ்யமாகிவிடும். குமிழை உச்சத்தில் வைத்து, ஈரத்துணி ஒன்றின் மேல் பெட்டியை ஓட்டிக்கொண்டே அளந்தால் அணையாது.

சாயங்காலக் கணக்கு

மாலை 7 மணி. கேரளத்தில் மின்வாரியம் 6 மணி முதல் 10 மணி வரை உச்ச நேரம் என்று வைத்திருக்கிறது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும் நேரம். நம் போர்டில் மூன்று பெட்டிகள் ஓடுகின்றன. மீட்டர் 204 காட்டுகிறது.

பெட்டியின் தடை அதே 52.9 ஓம். 204 வர்க்கம் 41,616. அதை 52.9ஆல் வகுத்தால் 787 வாட். வோல்ட் குறைந்தது நூற்றுக்குப் பதினொன்று. சூடு குறைந்தது நூற்றுக்கு இருபத்தொன்று. வர்க்கம் செய்யும் வேலை இது. "கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு" என்று வோல்ட்டைப் பார்த்துச் சொல்பவருக்கும், "பெட்டி செத்துப்போச்சு" என்று துணியைப் பார்த்துச் சொல்பவருக்கும் நடுவே உள்ள சண்டை இந்த வர்க்கத்தால் வருவது.

வேலையில் இது எத்தனை நிமிஷம்? கஞ்சி போட்டு நீர் தெளித்த பருத்தி வேட்டியில் 100 கிராம் தண்ணீர் இருப்பதாக வைப்போம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு அதைச் சூடாக்க 29 கிலோஜூல், ஆவியாக்க 226 கிலோஜூல், ஆக 255 கிலோஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 1000 வாட்டில் 255 நொடி. 787 வாட்டில் 324 நொடி. எல்லாச் சூடும் தண்ணீருக்கே போனாலும் வேட்டிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் கூடுதல். மேசைக்கும் காற்றுக்கும் போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் ஏறும். கூலி உருப்படிக்கு என்பதால் இந்த நிமிஷங்கள் தேய்ப்பவர் கணக்கில்தான் கழிகின்றன.

26 வோல்ட் எங்கே போனது

இந்த இடத்தில் வழக்கமாக மின்வாரியத்துக்குத் திட்டு விழும். திட்டுவதற்கு முன் இன்னோர் அளவு எடுங்கள். மூன்று பெட்டிகளும் ஓடும்போது ஒருவர் மெயின் சுவிட்ச் பக்கத்திலும் இன்னொருவர் தேய்ப்பு மேசைப் போர்டிலும் ஒரே நேரத்தில் வோல்ட் பார்க்க வேண்டும். மெயினில் 214, போர்டில் 204 என்று வருகிறது. அப்படியானால் தெருவில் போனது 16. மீதி 10 நம் கட்டடத்துக்குள்ளேயே போயிருக்கிறது.

மூன்று பெட்டிகளுக்குமாக ஓடும் கரண்டு 11.57 ஆம்பியர். பத்தை அதனால் வகுத்தால் 0.86 ஓம். மெயினிலிருந்து போர்டு வரைக்கும் உள்ள பாதையின் தடை அது. இதே ஓம் விதிதான். பெட்டிக்குப் பதிலாக வயருக்குப் போட்டிருக்கிறோம்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், தூரம் 30 மீட்டர். அந்த அளவுச் செம்புக்கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். கரண்டு போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 60 மீட்டராகக் கணக்கிட வேண்டும்; புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரட்டிப்பை மறப்பார்கள். 0.726 ஓம் வருகிறது. அளந்தது 0.86. மிச்சம் 0.14 ஓம் எங்கே? ஜாயின்ட்டில், சுவிட்ச்சில், ஃபியூஸ் கேரியரில். பாதையின் மொத்த நஷ்டம் 10 வோல்ட்டை 11.57 ஆம்பியரால் பெருக்கினால் வரும் 116 வாட். அதில் கிட்டத்தட்ட 19 வாட் அந்த 0.14 ஓமில், விரலளவு இடங்களில் சூடாகிறது. வயரில் பரவும் சூட்டை விட எனக்குப் பயம் இந்த 19 வாட்டின் மேல்தான்.

1.5ஐக் கழற்றிவிட்டு 4 சதுர மில்லிமீட்டர் இழுத்தால் கிலோமீட்டருக்கு 4.61 ஓம், 60 மீட்டருக்கு 0.277. ஜாயின்ட்டின் 0.14 அப்படியே இருந்தாலும் போர்டில் 209 வோல்ட் வரும், பெட்டி ஒன்றுக்கு 826 வாட். ஆயிரத்தை எட்டவில்லைதான். தெருவின் 16 வோல்ட்டை நம் வயர் திருப்பித் தராது. ஆனால் மூன்று பெட்டிகளுக்குமாக 117 வாட் மீண்டும் துணிக்கு வந்துவிட்டது, புதுப் பெட்டி எதுவும் வாங்காமல். மேலும் 1.5 வயரில் நாள் முழுக்க 12, 13 ஆம்பியர் ஓட்டுவது அதன் எல்லையை முட்டும் காரியம். மூன்று பெட்டிக்கு ஒரு லைன் என்றால் 4 இழுங்கள், 2.5இல் சமாதானமாக வேண்டாம்.

ஸ்டெபிலைசர் வைத்தால் தீராதா என்று கேட்பார்கள். மேசைப் பக்கத்தில் வைத்தால் பெட்டிக்கு 230 கிடைக்கும். அதைக் கொடுக்க அது லைனிலிருந்து இன்னும் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் இன்னும் சூடாகும். வயரைச் சரிசெய்யாமல் ஸ்டெபிலைசர் வாங்குவது பணத்துக்குக் கேடு.

உப்புக்காற்றும் பிளக்கும்

கடலோரத்தில் செம்பும் பித்தளையும் சும்மா இருப்பதில்லை. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் திருகாணியைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஒரு படிவு தெரியும். அது கரண்டை லேசில் விடாது. அந்த இடத்தில் அரை ஓம் சேர்ந்தால் என்ன ஆகும்? 4.35 வர்க்கத்தை 0.5ஆல் பெருக்குங்கள்: 9.5 வாட். ரேடியோ ரிப்பேர்காரரின் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான சூடு, மூடிய பிளக்கின் ஒரு பின்னில், நாள் முழுக்க. பேகலைட் முதலில் பழுப்பாகும், பிறகு பின் ஓட்டையின் ஓரம் வெடிக்கும், பிறகு மீன் வாடை மாதிரி ஒரு வாடை வரும். போர்ட் கொச்சியில் அந்த வாடையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

இதற்கு மீட்டர் வேண்டாம். கால்மணி நேரம் பெட்டி ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒரு பின் மட்டும் கையை இழுக்க வைத்தால் அந்தப் பக்கம் தொடர்பு தளர்ந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை விட சாக்கெட்டை மாற்றுவது நல்லது. ஆயிரம் வாட் பெட்டியை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டலாம், கணக்குக்கு 4.35தான். இருந்தாலும் காலை முதல் இரவு வரை ஓடும் கூடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட்டே போடுங்கள். அதன் நாக்கு அகலம், பிடி இறுக்கம்.

எலிமென்ட் வாங்கும்போது

750 வாட் எலிமென்ட்டும் 1000 வாட் எலிமென்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அட்டையில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். கடையிலேயே மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி அளந்துவிடுங்கள். 230 வர்க்கம் 52,900. இதை மட்டும் மனதில் வையுங்கள். 750ஆல் வகுத்தால் 70.5 ஓம். 1000ஆல் வகுத்தால் 52.9. குளிர்ந்திருக்கும்போது அளப்பதால் இதை விடச் சில சதவீதம் குறைவாகக் காட்டும். நிக்ரோம் சூடேறினால் தடை சற்றுதான் கூடும். 50 பக்கம் காட்டினால் அது ஆயிரம். 67, 68 காட்டினால் 750. முதலில் மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அரை ஓம் கால் ஓமைக் கழித்துக்கொள்ளவும்.

பெட்டிக்குள் இருக்கும்போது அளப்பதென்றால் பிளக்கை உருவிவிட்டு, குமிழை உச்சத்தில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு நடுவே பாருங்கள். மீட்டரில் எண்ணே வராமல் ஓ.எல். என்று நின்றால் எலிமென்ட் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முனை கருகியிருக்கலாம், ஒயரே மடிப்பில் முறிந்திருக்கலாம். இதில் மூன்றாவதை முதலில் பாருங்கள். பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஆட்டிப் பார்த்து எண் வந்து வந்து போனால் ஐந்து நிமிஷ வேலை, எலிமென்ட் காசு மிச்சம்.

பழைய கனத்த பெட்டிகள் சிலவற்றில் தகட்டில் 250 வோல்ட், 1000 வாட் என்றிருக்கும். அந்தத் தகட்டை நன்றாகப் படியுங்கள். 250 வர்க்கம் 62,500, தடை 62.5 ஓம். அது 230 வோல்ட்டில் 846 வாட்தான் தரும், மாலை 204இல் 666. பழுது எதுவும் இல்லாமலே "இந்தப் பெட்டி சோம்பேறி" என்று பேர் வாங்கிய பெட்டிகளில் இந்த வகையும் உண்டு.

அறுந்த எலிமென்ட் நாடாவைச் சேர்த்து முறுக்கி மறுபடி ஓட்டுவதும் உண்டு. பத்தில் ஒரு பங்கு நீளம் போய்விட்டால் தடை 47.6 ஓமாகும், 230இல் 1111 வாட். "முன்னைவிட நல்லா சூடாகுது" என்று சந்தோஷப்படுவார்கள். நாடாவின் ஒவ்வோர் அங்குலமும் அளவுக்கு மேல் வேகிறது, முறுக்கிய இடமோ இன்னும் அதிகமாக. சீக்கிரமே இன்னோரிடத்தில் அறும். முறுக்க வேண்டாம்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு

பிரின்சஸ் தெருவும் பர்கர் தெருவும் ஹோம்ஸ்டேகள் நிறைந்தவை. அமெரிக்கப் பயணி ஒருவர் சொந்த ஊரிலிருந்து சின்ன இஸ்திரிப் பெட்டி கொண்டு வருகிறார். 120 வோல்ட், 1200 வாட். கடையில் வாங்கிய பிளக் அடாப்டரை மாட்டி நம் சாக்கெட்டில் செருகுகிறார். அடாப்டர் பின்னின் உருவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

தடை: 120 வர்க்கத்தை 1200ஆல் வகுத்தால் 12 ஓம். 230ஐக் கொடுத்தால் 19 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 4400 வாட். வோல்ட் இரு மடங்குகூட ஆகவில்லை. சூடு மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. எலிமென்ட் சிவந்து, வெளுத்து, அறுந்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது, சிறிது நேரம் பொறுத்துத்தான் விழும். அதற்குள் விருந்தாளியின் சட்டை போயிருக்கும். அறையில் ஒரு அட்டை எழுதி ஒட்டுங்கள்: 230 வோல்ட். லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பயமில்லை, பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும். சூடாக்கும் சாமான்கள்தான் வில்லங்கம்.

தலைகீழாகப் போனால் ஆபத்தில்லை, வேலையும் நடக்காது. நம் ஊர்ப் பெட்டியை நியூயார்க்குக்குக் கொண்டுபோனால் 14,400ஐ 52.9ஆல் வகுத்து 272 வாட். கைக்குட்டை தேய்க்கலாம்.

கணக்கு எங்கே பொய்க்கும்

குண்டு பல்பில் பொய்க்கும். 60 வாட் பல்பு எரியும்போது 882 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும்போது தடை பன்மடங்காகிறது. ஆகவே பல்பின் வாட்டை, ஆறிய ஓமிலிருந்து கணிக்கக் கூடாது.

பம்பு மோட்டாரில் வேறு காரணத்தால் பொய்க்கும். அதன் சுருளை ஓம் மீட்டரில் அளந்து ஆம்பியர் கணிக்க முடியாது. மாறுமின்னோட்டத்தில் சுருளின் காந்தம் தனியாக ஒரு எதிர்ப்பைக் காட்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் முழு உண்மை வராது. ஒரு குதிரைத்திறன் பம்பு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுத்தால் பெருக்கல் 1495. அது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். அதில் வாட்டாக மாறும் பங்குக்குத் திறன் காரணி என்று பெயர்; அது 0.8 என்றால் மீட்டரில் ஓடுவது 1196 வாட். வயரின் தடிமனுக்கு 6.5ஐப் பாருங்கள், கரண்டு பில்லுக்கு 1196ஐப் பாருங்கள்.

ஈரத் தரையில்

துவைக்கும் இடத்துக்கு அடுத்து தேய்க்கும் இடம் என்றால் தரை எப்போதும் உலர்ந்திருக்காது. இங்கே ஓம் விதி உயிர் விஷயம். ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். இதயத்தை நிறுத்த இதில் ஒரு பகுதியே போதும். எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது; 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் அதற்கு 0.23 ஒரு தூசு. கசிவுக் கரண்டைக் கண்டதும் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் காப்பாற்றும். கூடத்தில் அது இல்லையென்றால் மேலே சொன்ன வயர் மாற்றத்துக்கு முன் இதைப் போடுங்கள்.

அது எப்போது விழும்? 230ஐ 0.03ஆல் வகுத்தால் 7,667 ஓம். கசிவுப் பாதையின் தடை அதற்குக் கீழே இறங்கினால் கட்டாயம் விழ வேண்டும். நடைமுறையில் அதற்குச் சற்று முன்பே விழும். இடவப்பாதி மழையில் ஒரு வாரம் சும்மா கிடந்த பெட்டியை மாட்டியதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் மைக்கா ஈரம் குடித்திருக்கலாம். பிளக்கின் எர்த் பின்னுக்கும் மற்ற பின்னுக்கும் நடுவே அளந்தால் மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும். கிலோஓமில் வந்தால் பெட்டியைத் திறந்து வெயிலில் உலர்த்தி மறுபடி பாருங்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும் என்பதால் அது பாஸ் போட்டதை மட்டும் நம்ப முடியாது. 500 வோல்ட் மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டி ஒரு மெகாஓமுக்கு மேல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும். ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது, சிகிச்சை அல்ல, கொலை.

மீட்டர் விளக்கை எண்ணுதல்

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சுவரிலேயே இருக்கிறது. மின்வாரியத்தின் எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எண் அச்சிட்டிருக்கும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால், 3200 என்று இருந்தால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். மற்றதெல்லாம் அணைத்துவிட்டு பெட்டியை மட்டும் ஓட்டி, ஒரு நிமிஷத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள். 42 வந்தால் 42ஐ 1125ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க 787 வாட். சாயங்காலக் கணக்கில் வந்த அதே எண். மின்னல் 53ஐத் தொட்டால் முழு ஆயிரம்.

தெர்மோஸ்டாட் போட்டும் அணைத்தும் விளையாடும்போது வோல்ட்டும் ஆம்பியரும் உதவாது, இந்த எண்ணிக்கைதான் உதவும். மணிக்கணக்கில் சராசரி வேண்டுமென்றால் காலையில் மீட்டர் எண்ணைக் குறித்து, தேய்ப்பு முடிந்ததும் மறுபடி குறித்து, நடுவே தேய்த்த உருப்படிகளால் வகுக்கவும். பகலில் எட்டு மணி நேரம் ஓடிய ஆயிரம் வாட் பெட்டி எட்டு யூனிட் தின்றுவிடாது. ஈரத்துணி ஓயாமல் வந்தால் அதை நெருங்கும், உலர்ந்த சட்டைகளாக வந்தால் பாதியோடு நிற்கலாம். கரிப் பெட்டிக்காரரோடு ஒப்பிட வேண்டுமா? ஒரு கிலோ நல்ல சிரட்டைக் கரியில் சுமார் 30 மெகாஜூல், அதாவது எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். கரியின் சூட்டில் பெரும்பங்கு பெட்டியின் ஓட்டைகள் வழியே காற்றோடு போய்விடும், கரண்டுப் பெட்டியில் அந்தச் சேதம் குறைவு. விலையை உங்கள் ஊர்க் கரிக் கடையிலும் உங்கள் பில்லிலும் பார்த்து, உருப்படிக்கு எத்தனை பைசா என்று இரண்டுக்கும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதால் அந்த இரண்டு மாத உருப்படி எண்ணிக்கையை நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும்.